ஜீப்பின் புகைக்குழாய்

கார்வேட்டிநகரம் என்றவுடன் வேணுகோபால சுவாமி கோயிலும், ஸ்கந்த புஷ்கரிணியும், சாரங்கபாணியின் பதங்களும் நம் நினைவில் எழுவது இயல்பு. இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளோ கோயிலுக்கும் சங்கீதத்துக்கும் வெகு தொலைவானது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. ஆயினும் தமிழ் பேசும் இல்லங்கள் அங்கு உண்டு. அவ்வில்லங்களின் பிள்ளைகள் சிலர் தில்லியிலும் நாகபுரியிலும் மும்பையிலும் பணிபுரிகின்றனர். ஊரிலிருக்கும் தம்பி, "அண்ணா, ஜீப்புக்குப் பெரிய சைலன்ஸர் குழாய் போடவேண்டும், பணம் அனுப்புங்கள்" என்று கேட்கிறான். அனுப்பலாமா என்பதே கேள்வி.

நகரிக் குன்றுகளின் சரிவுகளிலே மாந்தோப்புகள். அவற்றுக்குச் செல்லும் வழியெல்லாம் கல்லும் பள்ளமும். ஆனி மாதத்தில் கிளிமூக்கு மாங்காய்ச் சுமையோடு அவ்வழியில் ஏறி இறங்குவதற்குப் பழைய ஜீப்பைப்போல் உதவும் வண்டி வேறில்லை. வில்லிஸ் ஜீப்புகளை 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கினர். போர்க்கால வில்லிஸின் எஞ்சின் 2199 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதன் முழு ஆற்றலாகிய 60 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 4000 சுற்றில் கிட்டும். ஆனால் சக்கரத்தைத் திருகித் தள்ளும் வலிமை 2000 சுற்றிலேயே உச்சத்தை எட்டிவிடும். மேட்டில் ஏறும் வண்டிக்கு வேண்டியது இந்த இரண்டாவது வலிமையே. இதை மறந்தால் குழாயின் அளவு பற்றிய பேச்செல்லாம் திசை தவறிவிடும்.

கணக்கைச் சிறிது பார்ப்போம். 2000 சுற்றில் அவ்வெஞ்சின் விநாடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. எரிந்து வெளிவரும்போது, புகையின் சூடு 600 பாகையளவில் இருக்குமாயின், அது மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருத்து 85 லிட்டராகிறது. ஒன்றேமுக்கால் அங்குலக் குழாயில் இப்புகை விநாடிக்கு அறுபது மீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடும். இரண்டரை அங்குலக் குழாயிலோ முப்பது மீட்டர் வேகந்தான். குழாயின் விட்டம் சிறிதே கூடினும் அதன் வாயின் பரப்பு விரைந்து கூடிவிடுகிறது. இரண்டு அங்குலத்தை இரண்டரையாக்கினால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும் என்பதைப் பட்டறையில் எவரும் சொல்வதில்லை.

வேகம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வெளியேறும் புகை தனக்குப் பின்னால் ஒரு வெறுமையை விட்டுச் செல்கிறது. அவ்வெறுமை எஞ்சியிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு, புதிய காற்று நுழைய இடம் செய்து தருகிறது. புகை சோம்பி நடந்தால் இந்த இழுப்பு தளர்ந்துவிடும். இவ்வுதவி எஞ்சினை அடுத்த முதற் பகுதியிலேயே மிகுதி; வால்பகுதியில் குறைவு. ஆகவே வால்பகுதி சற்று அகன்றிருந்தால் பெருங்கேடு இல்லை. முதற் பகுதியை அகலப்படுத்துவதே கேடு.

"எஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேண்டும்" என்று மெக்கானிக்குகள் சிலர் கூறுவர். அச்சொல்லைப் பின்னழுத்தம் என்று தமிழாக்குவதில் மொழிபெயர்ப்புத் தொழிலிலுள்ள நமக்குத் தடையொன்றுமில்லை. கூற்றை ஏற்பதில்தான் தடை. புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நன்மை செய்யாது. வேண்டுவது வேகம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் குழாயை மிகக் குறுக்குவோரும் உளர், மிக அகற்றுவோரும் உளர்.

நம் உறவினர் ஒருவர் தம் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு எஞ்சினிலிருந்து வால்வரை இரண்டரை அங்குலக் குழாயைப் பொருத்துவித்தார். முழக்கம் அரை மைல் கேட்டது. ஆனால் முன்பு இரண்டாம் கியரில் ஏறிய தோப்பு மேட்டில், அதே சுமையுடன், வண்டி முதல் கியரைக் கேட்டது. பெட்ரோல் செலவும் கூடிற்று. அவர் மீண்டும் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கே திரும்பினார். செலவு இரண்டாயிற்று, ஊரார் கேலி தனி.

குறுகிய குழாய் முழு ஆற்றலைத் தடுக்குமோ என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி ஓட்டமும், நேர்க்குழாயின் ஒரு சதுர அங்குலத்துக்கு 115 கன அடியும் என்பது தொழிலறிந்தோரின் தோராயக் கணக்கு. 60 குதிரைத்திறனுக்கு 132 கன அடி. சதுர அங்குலம் ஒன்றேகால்கூட வேண்டியதில்லை. ஒன்றேமுக்கால் அங்குலக் குழாயின் உட்பரப்போ இரண்டு சதுர அங்குலத்துக்கு மேல். வளைவுகளுக்கும் சைலன்ஸருக்கும் விட்டுக்கொடுத்தபின்னும் மிச்சம் உண்டு.

டர்போ பூட்டிய புதிய டீசல் வண்டிகளின் நீதி வேறு. அங்கே டர்போவுக்குப் பின்னுள்ள குழாய் தாராளமாக இருப்பதே நல்லது. ஆனால் அதை வடிவமைத்தவர்களே அவ்வாறு செய்திருக்கின்றனர். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஆறாம் நிலை டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உணரிகளும் குழாயோடு இணைந்தவை. அதில் கைவைத்தல் ஆகாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி சைலன்ஸரைக் கட்டாயமாக்குகிறது. ஒலி, புகை வரம்பு மீறினால் முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அளவு சரியாக இருந்தும் வேலை கெடுவது வளைவிலே. குழாயை வெறுமனே வளைத்தால் மடிப்பு விழுந்து அவ்விடத்தில் வாய் குறுகும். உலர்ந்த மணலை இறுக நிரப்பி, சூடேற்றி வளைத்துத் தரும்படி கேளுங்கள். குழாய் சட்டத்துக்கு மேலாகவே செல்லட்டும். கீழே தொங்கினால் கல் இடிக்கும், கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றவும் கூடும். இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிவு உண்டு. கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை. கித்தான் மூடிய வண்டியில் உறங்கும் பிள்ளையை அது ஓசையின்றிக் கொல்லும்.

கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில் குசஸ்தலை ஆற்றை வண்டியில் கடப்போர் குழாயின் வாய் நீரில் அமிழ்ந்தபின் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கலாகாது. நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் உடனே ஸ்டார்ட்டரைத் தட்டாமல், கயிறு கட்டிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே மீண்டும் முயலவேண்டும்.