அமைச்சர் கக்கன் செய்த வேலை



கக்கன்ஜியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மதுரை அரசு மருத்துவமனையிலிருந்துதான் தொடங்குவார்கள். கடைசிக் காலத்தில் அவர் அங்கே பொது வார்டில் படுத்திருந்தார். அங்கே சிகிச்சையில் இருந்த அரசியல் தலைவர் மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., சேதி தெரிந்து அவரையும் போய்ப் பார்த்தார். பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் வாடகை வீட்டில் குடியிருந்தார், டவுன் பஸ்ஸில் போனார். கேட்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

ஆனால் பேச்சை இதோடு முடித்துக்கொள்கிறோமே என்பதில் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. முதலமைச்சர் காமராசரின் அமைச்சரவையில் கக்கனோடு இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சி. சுப்பிரமணியம் என்றால் கல்வியும் நிதியும் நினைவுக்கு வருகின்றன. ஆர். வெங்கட்ராமன் என்றால் கிண்டி தொழிற்பேட்டை. கக்கன் என்றால் மட்டும் கையில் காசில்லாத மனிதர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஓர் அமைச்சரின் வறுமையைப் போற்ற நாம் தயாராக இருக்கிறோம். அவருடைய நிர்வாகத்தை எடைபோட்டுப் பார்க்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. இன்றைக்கு அந்த எடையைக் கொஞ்சமாவது போட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். அப்பா ஊர்க்கோயில் பூசாரி. அவரைப் பூசாரி கக்கன் என்றே அழைத்தார்கள். சாமிக்குப் பூசை செய்கிறவரின் மகன், மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை வெளியே நின்று மட்டுமே கும்பிடலாம் என்பது அன்றைய நிலை. அதை உடைத்தது 1939 ஜூலை 8. காங்கிரஸ் தலைவர் மதுரை வைத்தியநாத ஐயர் முன்னே செல்ல, கக்கனும் மற்ற தாழ்த்தப்பட்ட தோழர்களும், விருதுநகர் சண்முக நாடாரும் கோயிலுக்குள் நுழைந்தார்கள். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்று உள்ளே அழைத்துப்போனார். பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, உள்ளே போனவர்களையும் நிர்வாகத்தையும் வழக்குகளிலிருந்து காத்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை. பின்னர் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவை அந்தச் சபை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றது. கோயில் நுழைவுக்கும் அதற்கும் இடையே பத்தாண்டு கூட இல்லை. 1952இல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1957இல் மேலூரிலும் 1962இல் சமயநல்லூரிலும் சட்டமன்றத்துக்கு வென்றார்.

இனித்தான் நான் பேச வந்த விஷயம். 1957இல் காமராசர் அவரிடம் கொடுத்தது பொதுப்பணித் துறை. அமைச்சரவையில் ஒரு தாழ்த்தப்பட்டவர் இருக்க வேண்டுமே என்பதற்காக அரிசன நலத்தை மட்டும் கொடுத்து உட்காரவைத்திருக்கலாம். அதோடு அணைகளையும் கால்வாய்களையும் சாலைகளையும் சேர்த்துக் கொடுத்தார். 1958இல் சாத்தனூர், 1959 ஜனவரியில் வைகை அணை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்ட காலம் அது. இவற்றுக்கு அடிக்கல் அவருக்கு முன்பே நாட்டப்பட்டது. முழுப் பெருமையையும் அவருக்கே கொடுத்தால் அவரே ஏற்கமாட்டார். ஆனாலும் வேலையை முடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டபோது துறை அவர் கையில்தான் இருந்தது.

வைகை அணை மதுரைச் சமவெளிக்கு என்ன செய்தது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதலே வைகையின் குறுக்கே உள்ள பேரணைக்கு வந்து, பெரியாறு பிரதான கால்வாயில் பாய்ந்துகொண்டிருந்தது. வந்த தண்ணீரை நிறுத்திவைக்கத்தான் வழியில்லை. ஆண்டிபட்டிக்கு அருகே 71 அடி தேக்கும் அணை வந்த பிறகு, பெரியாற்று நீரையும் வைகை வெள்ளத்தையும் பிடித்துவைத்து, தேதி குறித்துத் திறந்துவிட முடிந்தது. காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிற பழக்கம் நம் ஊர் சம்சாரிகளுக்கு இன்றும் போகவில்லை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு, போகம் பாதி. தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருமா என்று ஆண்டுதோறும் ஏங்குகிற அந்த மேலூர்ச் சீமையில் பிறந்தவர்தான் அப்போது அமைச்சர். கடைமடையின் தவிப்பை அவருக்கு எந்தப் பொறியாளரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வந்தது, நிலம் வரவில்லை. அந்த ஆயக்கட்டில் நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கிய கக்கனின் சொந்தச் சனத்தில் பெரும்பாலோர் கூலிகளாகவே இருந்தார்கள். இதை ஓர் அமைச்சரின் குறையாக நான் சொல்லவில்லை. நிலப் பங்கீடு காங்கிரஸ் ஆட்சி தொடத் தயங்கிய இடம். அதை அவர் அமைச்சரவைக்குள் எந்த அளவுக்குப் பேசினார் என்பது ஆராய்ந்து அறிய வேண்டிய கேள்வி.

1962க்குப் பின் வேளாண்மை. 1963 அக்டோபர் முதல் பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை. கோயிலுக்குள் விடப்படாதவர் மாநிலத்தின் போலீசுக்கே அமைச்சரானார். லஞ்ச ஒழிப்புக்கென்று தனி இயக்ககம் 1964இல் உருவானதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. முதல் பெருங்கலவரமே மதுரையில்தான். ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் அளவில் உயிரிழந்தார்கள். முதலமைச்சரின் முடிவு, டெல்லியின் பிடிவாதம் என்று காரணம் சொல்லிக் கக்கனை ஒதுக்கிக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. துறை அவருடையது, பொறுப்பும் அவருடையதுதான். அவர் மேல் எனக்குள்ள மரியாதை பெரிது. அதற்காகச் செத்துப்போன பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் அவர் தோற்றார். சொந்த மண்ணே அன்றைக்குத் தன் கோபத்தைக் காட்டியது. 1981 டிசம்பர் 23இல் காலமானார்.

அவருக்குத் தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது, 1999இல் அஞ்சல்தலை வந்தது. அவருடைய நிர்வாகத்தை எடைபோடச் சான்றுகளும் இருக்கின்றன. பொதுப்பணி அமைச்சராக அவர் சட்டமன்றத்தில் சொன்ன பதில்கள் நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கின்றன. அந்தக் காலத்து அரசாணைகளைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மேலூர்க் கால்வாயில் மடைவேலை பார்த்த குடும்பங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன. இவற்றைத் தேடிப் படித்து, கேட்டு எழுத, மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவருக்காவது ஆண்டுதோறும் இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளை உதவித்தொகை வழங்க வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.