எல்வா ஆற்றுக்குத் திரும்பிய மீன்கள்

(ஊராட்சி மன்றத் தலைவர்கள் கருத்தரங்கில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்னும் ஆறு ஓடுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டரே. ஆயினும் அதன் வரலாறு ஊர்ப்பணி புரிவோர் அறியத் தக்கதாகும்.

அவ்வாறு கடலில் கலக்குமிடத்தில் லோயர் எல்வா கிளாலம் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சால்மன் மீனே அவர்களுடைய உணவும் செல்வமுமாக இருந்து வந்தது. இம்மீன் ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சலிட்டுத் திரும்பும். 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்த அம்மக்கள், மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கெனக் காத்துக்கொண்டனர்.

பின்னர், மின்சாரத்திற்காக 1913-இல் எல்வா அணையும், 1927-இல் கிளைன்ஸ் கேன்யன் அணையும் எழுந்தன. ஆலைகள் ஓடின, நகரம் வளர்ந்தது. ஆனால், மீன் ஏறிச்செல்ல வழி வைத்தல் வேண்டும் என்று மாநிலச் சட்டம் விதித்திருந்தும், ஈரணைகளிலும் அவ்வழி வைக்கப்படவில்லை. கடலிலிருந்து 8 கிலோமீட்டரிலேயே மீனின் பயணம் தடைப்பட்டது. மணலும் கூழாங்கற்களும் அணைக்குள் தங்கிவிடவே, கீழ்ப்பகுதியில் முட்டையிடும் படுகையும் கெட்டது. மீன் அருகிய ஆற்றில் மீன்பிடி உரிமை இருந்து என்ன பயன்?

பழங்குடியினர் அணைகளை அகற்றக் கோரி விடாது வாதாடினர். 1992-இல் சட்டம் பிறந்தது. 2011-இல் பணி தொடங்கி, 2014-இல் முடிவுற்றது. முன்னேற்பாடாக, நகரின் குடிநீருக்குச் சுத்திகரிப்பு நிலையமும், பழங்குடியினர் குடியிருப்புக்கு வெள்ளத் தடுப்புக் கரையும் அமைக்கப்பட்டன. தேங்கிய வண்டல் ஒருசேரப் பாயாதபடி அணைகள் படிப்படியாகவே குறைக்கப்பட்டன. நீர் வடிந்த நிலத்தில் இலட்சக்கணக்கான நாற்றுகள் நடப்பட்டன. முதியோர் வாய்மொழியாகக் கூறிவந்த, தம் குலம் தோன்றிய புனித இடமும் நீருக்கடியிலிருந்து வெளிப்பட்டது. மீன்கள் மேலாற்றை மீண்டும் அடைந்தன.

அன்பர்களே! இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. ஆறு திறந்தவுடன் அம்மக்கள் வலையை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. மீன் பெருகட்டும் என்று 2011 முதல் ஆற்றில் மீன்பிடிப்பதையே நிறுத்தி வைத்தனர். 2023-இல்தான், சடங்குக்கும் வீட்டுணவுக்குமாக, கோஹோ என்னும் சால்மன் வகையை அளவோடு பிடித்தனர். எல்லா மீனினங்களும் முன்போல் பெருகிவிட்டன என்று இன்னும் கூறுவதற்கில்லை. ஆகவே அவர்களுடைய பொறுமை இன்றும் தேவைப்படுகிறது.

திட்டத்தினால் யார் எதைப் பெறுவர் என்று கணக்கிடுகிறோம். யார் எதை இழப்பர் என்பதையும் அக்கணக்கிலேயே எழுதுதல் வேண்டும். அன்று எழுதாது விட்ட ஒரு வரியைத் திருத்த, எல்வாக் கரையில் நூறாண்டு சென்றது.