கிளச்சில் வைத்த கால்

(தோட்டத்து வாகனச் சாரதிகளும் மெக்கானிக் வேலை பழகும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் வழங்கிய உரை)



இன்று நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு வாகனம்தான் சோறு போடுகிறது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த அம்மாவின் ஈ.பி.எப். காசில் வாங்கிய பழைய வேன். நகையை அடகு வைத்து வாங்கிய கார். அந்த எஞ்சின் போனால் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே, நேரத்தோடு கண்டுபிடித்தால் சின்னச் செலவு, விட்டுவிட்டால் எஞ்சினே போய்விடும் என்ற ஒரு கோளாறைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் த்ரஸ்ட் பெயரிங் தேய்மானம்.

கிராங்க் ஷாப்டைத் தாங்கிச் சுற்ற விடுவது மெயின் பெயரிங். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்டு சுற்றும்போது முன்னும் பின்னும் நகரவும் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதே த்ரஸ்ட் பெயரிங். நம் நாட்டில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதில் 3 மெயின் பெயரிங். நடுப் பெயரிங்கின் இரு பக்கமும் அரைப்பிறை மாதிரி மெல்லிய தகடுகள், மொத்தம் 4. தண்டு முன்பின்னாக அசையக்கூடிய அளவு 0.002 முதல் 0.003 அங்குலம் மட்டுமே. ஒரு தலைமயிர்ப் பருமன், அவ்வளவுதான்.

இது ஏன் தேய்கிறது? கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த அமுக்கம் கிராங்க் ஷாப்டை முன்னுக்குத் தள்ளுகிறது. தட்டையான தகட்டில், உருண்டைப் பெயரிங்கில் போல ஒயில் படலம் நன்றாக நிற்காது. கொஞ்ச நேரம் என்றால் தாங்கும். நம்ம மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு காலைக் கிளச்சிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினால் எப்படித் தாங்கும், சொல்லுங்க பார்ப்போம்? கிளச் பெடலில் வெறும் அசைவு இல்லாமல் இறுக்கி வைப்பதும், அழுக்கு ஒயிலும் அதே கேட்டைத்தான் செய்யும்.

அடையாளம் என்ன? வண்டி நின்றபடி ஓடும்போது கீழிருந்து ஒரு கனமான தட்டல் கேட்கும். கிளச்சை மிதித்தால் அது மாறும் அல்லது அடங்கும். மிதித்தவுடன் எஞ்சின் வேகம் இறங்குவதும் உண்டு. சத்தத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீங்க. மிதிக்கும்போது மட்டும் புதிதாகக் கிளம்பும் சத்தம் பெரும்பாலும் கிளச் பெயரிங்கின் சத்தம்.

நிச்சயப்படுத்த ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். ஒருவர் கிளச்சை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி ரேடியேட்டர் பக்கம் போய் வருவது கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தால் நிலைமை மோசம். சரியான அளவை டயல் கேஜ் வைத்து எடுக்க வேண்டும். அதோடு ஒயிலை வடித்து, மினுங்கும் உலோகத் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் பிடித்தால் பிழைத்தோம். சம்பைக் கழற்றி, நடுப் பெயரிங்கின் மூடியை எடுத்தால் கீழ்த் தகடுகள் கையோடு வரும். மேல் தகடுகளைச் சுற்றித் தள்ளி வெளியே எடுக்கலாம். புதிதைப் போடும்போது ஒயில் கோடு உள்ள முகம் கிராங்க் ஷாப்ட் பக்கம் பார்க்க வேண்டும். சின்ன நாக்கு உள்ள தகடு கீழே, மூடியின் பள்ளத்தில் உட்கார வேண்டும். பூட்டிய பிறகு இடைவெளியை மறுபடி அளக்காமல் சம்பை மூடாதீர்கள். அளவு அதிகமாக இருந்தால் தடித்த தகடு கிடைக்கும்.

ஆனால் கிராங்க் ஷாப்டின் முகத்தில் கோடு விழுந்திருந்தால் புதுத் தகடு போட்டுப் பயனில்லை. அதையும் சீக்கிரம் தின்றுவிடும். எஞ்சினை இறக்கி, தண்டைப் பட்டறையில் கிரைண்ட் பண்ணத்தான் வேண்டும். "இன்னும் ரெண்டு ஹயர் ஓடிட்டுப் பார்ப்போம்" என்று விட்டால், தேய்ந்த தகடு கழன்று சம்பில் விழும். பிறகு இரும்போடு இரும்பு உரசி புளொக்கையே அறுத்துவிடும். அப்புறம் அந்த எஞ்சினில் என்ன மிஞ்சும்?

தேய்மானத்துக்கான காரணத்தைத் திருத்தாமல் தகட்டை மட்டும் மாற்றுவதும் வீண். கிளச் பெடலின் அசைவைச் சரிபண்ணுங்கள். ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.

சாரதித் தம்பிமார் மனதில் வைக்க வேண்டியவை மூன்றுதான். கியர் மாற்றியதும் காலைக் கிளச்சிலிருந்து எடுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது கிளச்சில் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக்கில் பிடியுங்கள். சந்தியில் காத்திருக்கும்போது நியூட்ரலில் போடுங்கள். கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புதிய வாகனம் என்றால், ஸ்டார்ட் ஆனதும் காலை எடுத்துவிடுங்கள்.

இதற்கு ஐந்து சதமும் செலவில்லை. அம்மா, அப்பா உழைப்பில் வந்த வாகனத்தைக் காப்பாற்றுவது நம் காலில்தான் இருக்கிறது.