வலியின்றிப் போகும் பார்வை

(தோட்ட மண்டபக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



கண்ணில் வலி வந்தால் எவரும் வாளாவிருப்பதில்லை. பால் தெறித்தாலும், பட்டைத்தூள் விழுந்தாலும் உடனே தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். நான் இன்று பேச வந்திருப்பது, வலியே இல்லாமல் பார்வையைக் கொண்டுபோகும் ஒரு நோயைப் பற்றி.

எனக்கு அறிமுகமான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், வயது ஐம்பத்தாறு. ஒருநாள் விடியற்காலையில் எழுந்தபோது, வலக்கண்ணின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்ததுபோல் இருந்தது. அப்படியே வேலைக்குப் போனார். இடக்கண்ணை மூடிக்கொண்டு நேரே நோக்கினால் மேலே கிளை தெரிந்தது. கீழே கட்டியிருந்த மங்கு தெரியவில்லை. வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடியவில்லை. கண்புரையாக இருக்கும் என்று எண்ணி, நந்தியாவட்டைப் பூச்சாற்றைப் பிழிந்துகொண்டு மூன்று வாரம் கழித்தார். கண்புரை ஒரே இரவில் வருவதில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மருத்துவமனையில் சோதித்தபோதுதான் தமக்கு இனிப்புநீர் நோயும் இரத்தக் கொதிப்பும் இருப்பதையே அறிந்தார்.

நடந்தது என்ன? கண் காண்பதை மூளைக்கு எடுத்துச் செல்வது பார்வை நரம்பு. அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உள்ளன. அந்நரம்பின் முகப்புக்கு மிக நுண்ணிய குழாய்களே இரத்தம் ஊட்டுகின்றன. அங்கே ஓட்டம் குறைந்தால் இழைகள் வீங்கும். இடமோ குறுகியது, வீங்கியவை ஒன்றையொன்று நெரிக்க, இரத்தம் மேலும் குறையும். சிலருக்கு அம்முகப்பு பிறவியிலேயே சிறியது. உறக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழ்வதால்தான் பலர் விழித்தெழும்போது இக்குறையை உணர்கின்றனர் என்று மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

இழந்த பார்வையை உறுதியாக மீட்கும் மருந்து இதற்கு இன்னும் இல்லை. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அறுவை மருத்துவம் பயன் தராது என்று 1995-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆயினும், அறுவையின்றிக் கவனித்துவரப்பட்டோருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்தில் பார்வை ஓரளவு தேறியதையும் அதே ஆய்வு கண்டது.

"பிறகு எதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டும்?" என்று கேட்பீர்கள். மற்றக் கண்ணுக்காக! ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு ஐந்தாண்டுகளில் மறுகண்ணிலும் இது வருகிறது. மேலும், முதியோர் சிலருக்கு இரத்தக் குழாயே அழற்சியுற்று இவ்வாறு நேர்வதுண்டு. தலைவலி, தலைவாரும்போது நோவு, மெல்லும்போது தாடைவலி ஆகியவை அதன் அடையாளங்கள். அது ஆசிய மக்களிடையே அரிது. ஆனால் உடனே மருந்து தராவிடில் சில நாட்களிலேயே மறுகண்ணும் போய்விடக்கூடும். ஆகவே அன்றைக்கே செல்ல வேண்டும். ஒருநாள் கூலி போகும் என்று தயங்காதீர்கள். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் காணப்பட்டது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் அதை அறியாமலே இருந்தனர். இரத்தக் கொதிப்பு மாத்திரையை இரவில் உண்போர் அதனை மருத்துவரிடம் கூறுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உறக்கத்தில் பெருங்குறட்டை விட்டு மூச்சுத் திணறுவோரும் அதைச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கு ஒரு சொல், தாய்மார்கள் பொறுத்தருள்க. வீரியம் தரும் என்று இரவுச் சந்தையில் விற்கும் காப்பித்தூள் சிலவற்றில் சில்டெனாஃபில் என்னும் மருந்து கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதனை உண்டோர் சிலருக்கு இக்கண்நோய் நேர்ந்ததால், 2005-இல் அமெரிக்காவில் அம்மருந்தின் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

இரு கண்ணும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். எனவே மாதந்தோறும் சம்பள நாளன்று, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியைப் பாருங்கள்; பின்பு கண்ணை மாற்றுங்கள்.

மண்டபத்தின் பின்புறம் தாதியர் இருவர் இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருக்கின்றனர். மூத்தோர் முதலில் செல்லட்டும்.