பயணத்துக்கு ஏற்ற சிறு கமெரா

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத, குளிர்ச்சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிற டிஜிட்டல் கமெராவைக் கடைக்காரர்கள் கொம்பாக்ட் கமெரா என்பார்கள். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமெரா ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசெற்றில் பதிய 23 விநாடி எடுத்தது. 2010இல் எல்லா வகை டிஜிட்டல் கமெராக்களுமாக 12 கோடி உலகச் சந்தைக்குப் போயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கொம்பாக்ட் கமெராக்கள். பிறகு கைத்தொலைபேசி அந்த இடத்தைப் பிடித்தது. 2020இல் தொகை ஒரு கோடிக்கும் கீழே போனது. 

எனவே இன்று கமெரா வாங்குவோரின் அளவுகோல் கைத்தொலைபேசிதான். நல்ல வெளிச்சத்தில், நாலடி தூரத்தில் நிற்கும் ஒருவரை எடுக்கத் தனிக் கமெரா தேவையில்லை. தூரத்தில் இருப்பதை எடுக்கவும், மங்கிய வெளிச்சத்தில் எடுக்கவும், தண்ணீரையும் தூசியையும் தாங்கவுமே அது வேண்டியிருக்கிறது. இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அமைவதில்லை. சிறிய உடல், பெரிய சென்சர், நீண்ட சூம் என்ற மூன்றில் இரண்டைத்தான் ஒரு கமெரா தர முடியும். சென்சர் பெரிதானால் அதற்கேற்ற லென்ஸும் பெரிதாக வேண்டும் என்பது ஒளியியல் விதி. விலையைக் கூட்டி அதை மீற முடியாது. எந்த இரண்டை வைத்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதே தேர்வு.

சென்சர் என்பது லென்ஸ் வழியாக வரும் ஒளி விழுகிற சில்லு. மலிவான கமெராக்களிலும் மிக நீண்ட சூம் உள்ளவற்றிலும் அது ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். ‘ஒரு அங்குலம்’ எனப்படும் அடுத்த வகை 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்; பரப்பில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. ரிக்கோ ஜிஆர், ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசைகளில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சர் 13 மடங்கு. பரப்புக் கூடக் கூட மங்கிய இடத்தில் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும். விலையுயர்ந்த கைத்தொலைபேசிகளின் முதன்மைச் சென்சர் இப்போது மலிவுக் கமெராவினுடையதைவிடப் பெரியது. ஆகவே சூம் இல்லாத மலிவுக் கமெராவை வாங்குவதில் பயன் இல்லை.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க ரொறன்ரோவில் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ரூஜ் பொருத்தமான இடம். 2015இல் கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரூஜ் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் கரை, அதையொட்டிய சதுப்பு, உள்ளே அடர்ந்த காடு, ஏறிப் பார்க்க விஸ்ரா பாதையின் மேடை எல்லாம் ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடியவை. ஒரு பயணத்தில் கமெராவிடம் கேட்கப்படும் பெரும்பாலான வேலைகள் இங்கே கேட்கப்படுகின்றன.

சதுப்பில் நிற்கும் பெரிய நீல நாரையை எடுப்போம். அதன் உயரம் சுமார் 1.2 மீற்றர். மான் போன்ற பெரிய விலங்குகளிடமிருந்து 30 மீற்றராவது தள்ளி நிற்கும்படி பார்க்ஸ் கனடா சொல்கிறது. பறவைக்கும் அதே தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். லென்ஸின் குவியத் தூரத்தை மில்லிமீற்றரில் சொல்வார்கள்; அது கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். கைத்தொலைபேசியின் வழக்கமான பார்வை 24 மில்லிமீற்றர் லென்ஸுக்குச் சமம். அதில் நாரை படத்தின் உயரத்தில் 25இல் ஒரு பங்கு, வெறும் கீற்று. 200 மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. 600 மில்லிமீற்றரில் படம் முழுக்க நாரை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது கமெரா ஓர் அங்குலச் சென்சருடன் 200 வரை போகும். பனசொனிக் டிசட்99 720 வரை போகும். அதற்காகச் சிறிய சென்சரோடு திருப்திப்பட வேண்டும். பறவையும் விலங்குமே நோக்கம் என்றால் இரண்டாவது. மற்றவர்களுக்கு 200 போதும்.

காட்டுக்குள் போனால் நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் கப்பல் பாய்மரத்துக்கு மரம் இழுத்த வழி என்று சொல்லப்படும் மாஸ்ட் பாதையில் கோடையில் இலைகள் கூரைபோல் மூடி நிற்கும். இங்கே கவனிக்க வேண்டியது லென்ஸின் எஃப் எண். எண் சிறியதாக இருந்தால் ஒளி நுழையும் துளை பெரியது. எஃப்1.8 துளை, எஃப்2.8ஐவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை விடும், எஃப்6.4ஐவிட 12 மடங்குக்கும் மேல். நீண்ட சூம் கமெராக்கள் முழு நீட்டத்தில் எஃப்6.4 அளவுக்கு இறங்கிவிடுகின்றன. எஃப்1.8இல் தொடங்கும் கனொன் ஜி7 எக்ஸ் போன்றவை 100 மில்லிமீற்றரோடு நின்றாலும், மர நிழலிலும் மாலை மண்டபத்திலும் தெளிவான படம் தரும்.

தமிழ்க் குடும்பங்களின் பயணப் படங்களில் கூட்டப் படங்கள் நிறைய. அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை வரிசையாக நிற்க, எடுப்பவர் பின்னால் நகர்ந்தால் சுவர் தடுக்கும். நான்கு மீற்றர் தூரத்தில் 24 மில்லிமீற்றர் லென்ஸ் 6 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். 35 மில்லிமீற்றர் லென்ஸ் 4 மீற்றரைத்தான் பிடிக்கும். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை இந்த 35இலேயே நிலைத்தது. படத்தரம் உயர்ந்தது, ஆனால் சுற்றம் பெரிய வீட்டுக்கு ஒத்துவராது.

குளிர்காலம் வேறொரு சோதனை. கமெராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணி அளக்கும். அதனால் பனி அழுக்காகத் தெரியும். அதன்முன் நிற்கும் மாநிற முகம் கறுத்துப்போகும். வெளிச்சத்தை ஒன்றிலிருந்து இரண்டு படி கூட்டினால் இரண்டும் சரியாகும். அதற்கான சக்கரம் வெளியிலேயே உள்ள கமெரா நல்லது; கையுறையோடு திரையில் தேடுவது பெரும்பாடு. பெரும்பாலான சிறு கமெராக்கள் சுழியப் பாகைக்கு மேல் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மறை 10 பாகை வரையும், தண்ணீரில் 15 மீற்றர் ஆழம் வரையும் தாங்கும். அதன் சென்சர் சிறியது. எந்தக் கமெராவானாலும் குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். மேலதிக பற்றரி உட்சட்டைப் பையில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வருமுன் கமெராவை பிளாஸ்ரிக் பைக்குள் மூடினால் ஈரம் பைமேல் படியும், லென்ஸில் படியாது. யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வரும்போதும் இதே முறைதான்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்கள் பல வேளை ஏமாற்றும். எட்டுக்குப் பத்து அங்குலப் படம் அச்சிட 7 மெகாபிக்சல் தாராளம். இன்றைய கமெராக்கள் அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. டிஜிட்டல் சூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே; ஒப்டிக்கல் சூமையே கணக்கில் எடுக்க வேண்டும். ஏரிக்கரை வெயிலில் திரை மங்கிவிடுவதால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர், மடிக்கக்கூடிய திரை, யுஎஸ்பி வழி மின்னேற்றம், கைப்பட்டி ஆகியவை எண்களைவிட உதவும். பழைய கமெரா வாங்குவோர் லென்ஸ் முழுவதும் நீண்டு மடங்குகிறதா, உள்ளே தூசி உண்டா என்று பார்க்க வேண்டும். இவ்வகைக் கமெராக்களில் பெரும்பாலும் முதலில் பழுதாவது லென்ஸின் இயந்திரம். விமானத்தில் மேலதிக லித்தியம் பற்றரிகள் கைப்பைக்குள் மட்டுமே போகலாம்.

தொகுத்தால், குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போவோருக்கு 24இல் தொடங்கும் ஓர் அங்குலச் சென்சர் கமெரா பொருந்தும். பறவை, விலங்கு பார்ப்போருக்கு நீண்ட சூம். கடலிலும் பனியிலும் விளையாடும் பிள்ளைகளுக்கு நீர்புகாதது. தெருவையும் முகங்களையும் பொறுமையாக எடுப்போருக்கு நிலைத்த லென்ஸும் பெரிய சென்சரும். முற்றத்திலும் கடையிலும் நல்ல வெளிச்சத்தில் மட்டும் எடுப்போருக்குக் கையில் இருக்கும் தொலைபேசியே போதும்.