படத்தோடு இடமும் நாளும்

சென்னையைப் படமெடுப்போர் பெரும்பாலும் மெரினாவோடு நின்றுவிடுகின்றனர் என்றாலும், நகரின் வடக்கே, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் உயர்ந்து நிற்கும் அத்திப்பட்டிலும், ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடமாகிய எண்ணூர்க் கழிமுகத்திலும் படமாக வேண்டிய வாழ்க்கை நிறைந்திருக்கிறது. அங்கே சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிப்போரின் படம் ஆவணமாக, அதாவது பிற்காலத்துக்குச் சான்றாக நிற்க வேண்டுமானால், இடமும் நாளும் அதனுடன் எழுதப்பட வேண்டும். இடமும் நாளும் இல்லாத படம், கல்யாண ஆல்பத்தில் யாரென்று எவருக்கும் தெரியாமல் நிற்கும் உறவினரைப் போன்றது.

1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தில் எது எப்போது மாறியது என்பதையும் நாள் குறித்த படமே காட்டும். ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்பித்தது பெரும்பணி. ஏனெனில், அங்கு வாழ்வோரே படமெடுத்து எழுதும் குறிப்பில்தான் தெருவின் பெயரும் தொழிலின் பெயரும் பிழையின்றி அமைகின்றன.

கைப்பேசி நாளைத் தானே பதிந்துகொண்டாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் படத்திலிருந்து அக்குறிப்பு பெரும்பாலும் நீங்கிவிடுவதால், இடத்தையும் நாளையும் எடுத்தவரே அன்றே எழுதிவைப்பது நல்லது.