நிலந்தொடாச் சக்கரம்



நெடுஞ்சாலையில் நீண்ட டிரெய்லர் லாரி ஒன்று பாரமின்றிச் செல்லும்போது அதன் பின்சக்கரங்களைக் கூர்ந்து நோக்குங்கள். சில வண்டிகளில் ஒரு சோடிச் சக்கரம் மட்டும் நிலத்தைத் தொடாமலும் சுழலாமலும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பழுதென்று எண்ணிவிட வேண்டா. அதுவே தூக்கு அச்சு. மாட்டு வண்டியில் இருசு என்கிறோமே, அதன் வழிவந்தது.

மூன்று அச்சுகள் அமைத்திருப்பது பாரம் சுமப்பதற்காக. பாரம் இல்லாதபோது மூன்றும் உருண்டால் டயர்கள் வீணே தேயும், எரிபொருளும் செலவாகும். ஆகவே, தாங்கும் பைகளிலிருந்து காற்றை வெளியேற்றி, தூக்கும் பையில் காற்றை நிரப்பி, ஓர் அச்சை மேலே உயர்த்திவிடுகின்றனர்.

எவ்வளவு உயர்த்தலாம்? விரும்பிய அளவு உயர்த்த இயலாது. சக்கரத்தின் தலைக்கு மேலே வண்டியின் அடித்தட்டு நிற்கிறது. அதில் முட்டாமல் உயரவேண்டுமாதலால், தரைக்கும் டயருக்கும் இடையே சில அங்குலமே கிடைக்கும். எஞ்சிய டயர்கள் கூடுதல் பாரத்தால் சற்றே அமுங்குவதால் அதிலும் சிறிது குறையும்.

இது போதுமா? பிரிட்டனில் உள்ள ஒருவகை வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. இந்தியச் சாலைக் காங்கிரசு பரிந்துரைத்த வட்டமுதுகு வேகத்தடையும் அதே அளவினதே. அச்சுகளுக்கிடையே 1.3 மீட்டர் தொலைவு இருப்பதாகக் கொள்வோம். தூக்கிய முன்னச்சு முகட்டின்மேல் வரும்போது, அடுத்த அச்சு சரிவில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். கடைசி அச்சோ சமதரையில் இருக்கும். ஆகவே தூக்கிய அச்சின் இடத்தில் வண்டி உயர்வது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். மீதி 8 சென்டிமீட்டரையும் தரை இடைவெளியே ஈடுசெய்ய வேண்டும். குலுக்கத்திற்கு இன்னும் சிறிது வேண்டும். இடைவெளி 5 சென்டிமீட்டரே இருந்தால் டயர் முகட்டில் உரசும். நின்ற சக்கரமாதலால் தேயும்.

அச்சுக்கு நேரும் கேடு இது. சாலைக்கு நேரும் கேடு வேறு. பாரம் இருக்கும்போதும் டயரை மிச்சப்படுத்த எண்ணி அச்சைத் தூக்கியே வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஆட்டவா நகரருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பெருஞ்சோதனை ஒன்று நடத்தினர். அச்சின் பாரம் கூடும்போது சாலைச் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கிற்கு ஒப்பப் பெருகுகிறது என்பது அதன் முடிவு.

24 டன்னை மூன்று அச்சுகள் சுமந்தால் ஆளுக்கு 8 டன். இரண்டே சுமந்தால் 12 டன். பாரம் ஒன்றரை மடங்கு. ஓர் அச்சின் சேதமோ ஐந்து மடங்கு. அச்சு ஒன்று குறைந்ததைக் கழித்தாலும் மொத்தச் சேதம் மூன்று மடங்குக்கு மேற்படும். டயரின் தேய்மானத்தை உடையவர் மிச்சப்படுத்துகிறார். சாலையின் தேய்மானத்தை ஊரார் கொடுக்கின்றனர்.

இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டு ஆணையொன்றில், பாரம் எல்லையை எட்டியதும் தூக்கு அச்சு தானே இறங்கவேண்டும் என விதித்தது. பயனற்ற காலத்தில் ஒதுங்கி நிற்பதும், பாரம் வந்தபோது தோள் கொடுப்பதும் நல்ல பொறிக்கு இலக்கணம். அந்தச் சில அங்குல இடைவெளியை அமைப்பவர் பொறியாளர். அதை முறையாகப் பயன்படுத்த வேண்டியவர் வண்டியை நடத்துவோர்.